மூன்றாவது டவுன்லோடு

செல்வகுமாரி நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் நின்றே பேசினாள். மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள்; வேலை நேரத்தில் போடும் வலைத்தொப்பியின் ரப்பர் தடம் நெற்றியில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"என் தம்பி கலைவேந்தன ஜெயில்ல வச்சிருக்காங்கம்மா. அருள்முருகன அடிச்சிக் கொன்னுட்டான்னு. நேத்து பாக்கப் போனேன். 'அக்கா, நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கினா இவங்க கேள்வி கேக்கறத நிறுத்திடுவாங்களா'ன்னு கேக்கறான். சின்னப் புள்ள மாதிரி கேக்கறாம்மா."

அன்னாமேரி ஆய்ந்துகொண்டிருந்த மீனைச் சட்டியில் போட்டு மூடிவிட்டுக் கை கழுவினார். போலீசில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வில்லியனூர் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன வீட்டைத் தேடி இப்படி யாராவது வருவது புதிதல்ல. அவருடைய மருமகள் சோபனா அதற்குள் செல்வகுமாரிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

"ஒத்துக்கிட்டானா?" என்று அன்னாமேரி கேட்டார்.

"இன்னும் இல்ல. ஒத்துக்குவாம்மா. அவன் மனசு ஒடஞ்சிடுச்சி. ஒரு தடவ ஒத்துக்கினா அப்புறம் யாரு நம்புவாங்க?"

அவள் சொன்னதன் சுருக்கம் இது. செல்வகுமாரியும் தம்பியும் கரியமாணிக்கத்துக்காரர்கள். செத்துப்போன அருள்முருகன் சோரியாங்குப்பம். இரண்டு பையன்களுக்கும் போனில் பஸ் ஓட்டும் ஒரு விளையாட்டில் பைத்தியம். வெறுமனே விளையாடுவது இல்லை. நம் ஊர்ப் பஸ்ஸையும் நம் ஊர்ச் சாலையையும் அச்சு அசலாகச் செய்து அந்த விளையாட்டுக்குள் சேர்ப்பார்கள். அதற்கு மோட் என்று பெயர். செய்து முடித்ததை இணையத்தில் ஒரு கோப்புக் கிடங்கில் ஏற்றிவிட்டால் யார் வேண்டுமானாலும் தேடி இறக்கிக்கொள்ளலாம்.

"அருள் நம்ம ரோட்ட அப்படியே மேப்பா செஞ்சிருந்தான். என் தம்பி அவசரத்துல அத தன் பேர்ல ஏத்திட்டான். அதுக்கு டீக்கடையில ரெண்டு பேரும் சட்டையப் புடிச்சிக்கினாங்க. 'கொன்னுடுவேன்டா'ன்னு இவன் கத்தனத ஊரே கேட்டிருக்குது. அப்புறம் ஒரு மழ நாள்ல களத்துமேட்டுக் கரும்புக்குள்ள, மோட்டார் கொட்டாய்ல, அருள் மண்ட ஒடஞ்சிக் கெடந்தான்."

"கலைவேந்தன் எங்க இருந்தான்?"

"வூட்ல தூங்கிக்கினு இருந்தான். நான் கம்பெனியில. பாத்தவங்க யாரும் இல்ல. ஆனா அருளோட பெரியப்பா மவன் அன்புராஜ், அன்னிக்கி பஸ்ஸுல வரும்போது களத்துமேட்டு ஸ்டாப்பிங்ல என் தம்பியப் பாத்தாராம். போலீஸ்ல சொல்லிட்டாரு."

"அந்த ஒரு சாட்சிதானா?"

"அது ஒண்ணு போதும்னு வக்கீலே சொல்றாரு."

மறுநாள் மாமியாரும் மருமகளும் நெட்டப்பாக்கம் வழியாகப் போகும் பஸ்ஸில் கிளம்பினார்கள். சோபனா ஜன்னலோரம் உட்கார்ந்து போனவழியெல்லாம் கொலைகாரனைப் பிடித்துக்கொண்டே வந்தாள். முதலில் டீக்கடைக்காரர், பிறகு மோட்டார் திருடன், பாலம் தாண்டியபோது கலைவேந்தனே கூட.

"அவனாவும் இருக்கலாம்ல அத்தே? சாமி மேல சத்தியமா இல்லன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது," என்றார் அன்னாமேரி. "எறங்கு, ஸ்டாப்பிங் வந்துடுச்சி."

களத்துமேட்டில் இறங்கியதும் தூறல் வலுத்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு. சாலையோரம் ஒரு மைல்கல், வெட்டிப்போட்ட வேப்பமரத்தின் அடிக்கட்டை. சோபனா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, புதுச் சேலை போச்சு என்று முனகினாள். அங்கிருந்து ஊருக்குப் போகும் மண்பாதை முழுக்கக் கருங்களி. நடக்க நடக்கச் செருப்பு கனத்தது. அருள்முருகனின் வீட்டை அடைந்து வாசல் குழாயில் கால் கழுவியபோது தண்ணீர் மை போல ஓடியது.

அருளின் தாய் கனகாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் முகம் இறுகிவிட்டது.

"அந்தக் கரியமாணிக்கத்துக்காரி அனுப்புனாளா? தம்பியக் காப்பாத்த ஆளு தேடறாளா? எம்புள்ளயக் காப்பாத்த யாரு வந்தீங்க?"

அன்னாமேரி வாசலைவிட்டு நகரவில்லை. சிறிது நேரத்தில் அவளே வழிவிட்டாள்.

அருளுக்குத் தகப்பன் இல்லை. கொள்ளி வைத்தது அன்புராஜ். சின்ன வயதிலேயே பெங்களூர் போய் அங்கே மனை விற்கும் தொழில் செய்பவன், முப்பத்தைந்து வயது இருக்கும். கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தான். பல நாள் தாடி. தோளில் துண்டு. முற்றத்தில் காரியத்துக்கு வாங்கிய விறகு அடுக்கியிருந்தது.

"இப்ப இவன்தாம்மா எனக்குப் புள்ள," என்றாள் கனகாம்பாள். "கொள்ளி வச்சவனுக்குத்தான எல்லாம். நெலமும் ஒரே பட்டா, பாகம் பிரிக்கல. அருளு விக்கவே கூடாதுன்னு நின்னான். இனிமே இவன் பாத்துக்கட்டும். அன்னிக்கிகூட முட்டி வரைக்கும் வெள்ள மணல் ஒட்டிக்கினு, நனஞ்சி வந்து நின்னான் புள்ள. தல தொவட்டித் துண்டு குடுத்தேன். அப்புறம்தான் சேதி வந்துது."

அவள் காபி போட உள்ளே போனதும் அன்னாமேரி பாயின் எதிரில் தரையில் அமர்ந்தார்.

"வெளிய எங்கயும் போறதில்லயா தம்பி?"

"எப்படிங்க மேடம் போறது? கொள்ளி வச்சவன் காரியம் முடியற வரைக்கும் ஊர் எல்ல தாண்டக்கூடாது, எங்க வூட்டு வழக்கம். போலீஸே இங்க வந்துதான் எழுதிக்கினு போனாங்க."

"அன்னிக்கு வந்த வழிய எனக்காக ஒரு தடவ சொல்லுங்க."

அவன் தடுமாறாமல் சொன்னான். "ட்ரெயின்ல விழுப்புரம். அங்கேர்ந்து பஸ்ஸு மாறி நெட்டப்பாக்கம், கரியமாணிக்கம். கரியமாணிக்கம் தாண்டுனா ஒரு தண்ணி டேங்கு, அப்புறம் குறுகலா ஒரு பாலம், அப்புறம் களத்துமேடு. எறங்குனா எடது பக்கம் நிழற்குட. அதுல ஒதுங்கி நின்னுக்கினு சட்டையப் புழிஞ்சிக்கினு இருந்தான் அந்தக் கலைவேந்தன். வெள்ளச் சட்ட மேடம். சேப்பாத் தண்ணி எறங்குது. நான் ஏதோ பான்பராக்குனு நெனச்சிக்கினு வந்துட்டேன்."

"மழையில நல்லாத் தெரிஞ்சுதா?"

"நீலத் தகரக் கூர, சிமெண்ட் பெஞ்சு. பெஞ்சு மேல ஒரு கால வச்சிக்கினு நின்னான். இன்னும் கண்ணுலயே இருக்குது."

"அருளோட பேச்சுவார்த்த உண்டா?"

"ரெண்டு வருஷமா இல்லங்க. அவன் எப்பப் பாத்தாலும் கேமு கேமுன்னு கெடப்பான். அந்தக் கண்றாவியெல்லாம் எனக்குத் தெரியாது."

திரும்பி வரும்போது சோபனா உச்சுக் கொட்டினாள். "பாவம் அத்தே. எவ்ளோ தெளிவாச் சொல்றாரு. கலைவேந்தன் மாட்டிக்கினான்."

"உன் சேல ஏன் நனஞ்சிருக்குது?" என்று கேட்டார் அன்னாமேரி.

"இன்னா கேள்வி இது? மழையில எறங்கினா நனயாதா?"

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "அந்த ரெண்டு பசங்க எதுக்கு அடிச்சிக்கினாங்களோ அத எனக்குக் காட்டு," என்று மட்டும் சொன்னார்.

சோபனா லேப்டாப்பைத் திறந்தாள். கோப்புக் கிடங்கின் தேடல் கட்டத்தில் கரியமாணிக்கம் என்று தமிழில் அடித்தாள், ஒன்றும் வரவில்லை. இங்கிலீஷில் அடித்தாள்; பக்கம் பக்கமாக வந்தது. தனியார் பஸ் பெயிண்ட், ஏர் ஹார்ன், மலைப்பாதை, திருவிழாக் கூட்டம். முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் தங்கள் ஊரைச் செய்து அங்கே வைத்திருந்தார்கள்.

"இது மேல கை வைக்காதீங்க அத்தே. பச்சையாப் பெருசா டவுன்லோடுன்னு இருக்குதுல்ல, அது சூதாட்ட விளம்பரம். கீழ பொடி எழுத்துல இருக்குது பாருங்க, அதுதான் நெஜம்."

"நல்ல எடம்," என்றார் அன்னாமேரி.

கலைவேந்தன் பெயரில் இருந்த பக்கத்தில் கோப்பு இல்லை. ஏற்றியவரே நீக்கிவிட்டார் என்ற வரி மட்டும் இருந்தது. அருள்முருகனின் பக்கத்தில் மேப்பின் இரண்டாம் பதிப்பு இருந்தது. டீக்கடைச் சண்டைக்குப் பிறகு, சாவதற்குச் சில நாள் முன்பு ஏற்றியது. அதன் கீழே அவன் எழுதியிருந்தான்: 'மரங்கள், ஹார்ன் உதவி: என் நண்பன் கலைவேந்தன். சண்டை ஓவர். ட்ரையல் பதிப்பு, பாஸ்வேர்டு கேட்காதீர்கள்.'

சோபனா துள்ளி எழுந்தாள். "ராசி ஆயிட்டாங்க அத்தே! அப்புறம் எதுக்குக் கொல்லப்போறான்?"

"இத வச்சி ஜெயில் கதவு தொறக்காது. மறுபடியும் சண்ட போட்டாங்கன்னு சொல்லுவாங்க. பக்கத்துல போட்டிருக்கற அந்த மூணு இன்னா?"

"இதுவரைக்கும் மூணு தடவ எறக்கியிருக்காங்கன்னு அர்த்தம்."

கோப்பு இறங்கியது, திறக்கவில்லை. ஒரு மேப்பை முழுதாக முடிக்கும்வரை அதைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, சோதித்துப் பார்க்கும் ஆட்களுக்கு மட்டும் பாஸ்வேர்டு கொடுப்பது அந்தப் பையன்களின் வழக்கம். மறுநாள் செல்வகுமாரி தம்பியைப் பார்த்து அதைக் கேட்டுவந்தாள்.

"அருளோட அம்மா பேரு, பின்னாடி அந்த ரூட்டு பஸ்ஸு நம்பராம். ஏத்துனதும் அருளே ஒரு தடவ எறக்கி ஓட்டிப் பாப்பானாம். அப்புறம் என் தம்பி. வேற யாருக்கும் குடுத்தது தெரியாதுங்கறான்." அவள் குரல் தாழ்ந்தது. "அழவே இல்லம்மா இன்னிக்கி. சாப்பாட்டுத் தட்டு அப்படியே இருந்துது. வெள்ளிக்கெழம மறுபடியும் விசாரிக்க வராங்களாம். ஒத்துக்கப்போறேன்னு சொல்லிட்டான்."

சோபனா அந்த விளையாட்டைத் தன் போனில் ஏற்றி, மேப்பை அதன் கோப்புறையில் போட்டு, பஸ்ஸைக் கிளப்பினாள். கரியமாணிக்கம் வந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. பாலத்தின் உடைந்த கைப்பிடியைக்கூட அருள் விட்டுவிடவில்லை. களத்துமேட்டில் பஸ்ஸை ஓரம் கட்டியவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது பக்கம் நீலத் தகரக் கூரையுடன் ஒரு நிழற்குடை. உள்ளே சிமெண்ட் பெஞ்சு.

"அத்தே," என்றாள் மெதுவாக. "இது அங்க இல்லியே. இருந்திருந்தா நான் அதுல போய் நின்னிருப்பேனே."

"அதத்தான் உன்ன அன்னிக்கே கேட்டேன்."

செல்வகுமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அது கலை சொல்லியிருக்காம்மா. வெயில்ல பஸ்ஸுக்கு நின்னு அருளோட அம்மா அங்க மயங்கி வுழுந்துட்டாங்க. நிழற்குட கேட்டு மனு குடுத்தாங்க, நடக்கல. 'நானே கட்டிக்கறேன்டா'ன்னு அருள் மேப்புல கட்டிட்டானாம்."

அன்னாமேரி போனை எடுத்தார். முன்பு தன்னிடம் வேலை கற்றுக்கொண்ட சப்-இன்ஸ்பெக்டர் பலராமன்தான் இந்த வழக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்தவர், எப்போதும் ஜீப்பில் பாகூர் வழியாகவே போய்வருவதால் அந்த ஸ்டாப்பிங் பக்கம் போகாதவர். அவரிடம் அன்னாமேரி ஒரே ஒரு வேலை சொன்னார்: சோரியாங்குப்பத்தை ஒட்டி ஓடும் தென்பெண்ணை ஆற்றின் அக்கரையில் புதர்களைத் தேடிப் பார்க்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை. காரியத்துக்கு முந்தின நாள். வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். அன்னாமேரியோடு செல்வகுமாரியும் வந்ததைப் பார்த்ததும் பந்தலில் சலசலப்பு. கனகாம்பாள் எழுந்தாள்.

"இவ ஏன் என் வூட்டு வாசல்ல நிக்கறா?"

"கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க அம்மா. உங்க புள்ளக்காகத்தான் வந்திருக்கேன்," என்றார் அன்னாமேரி. பிறகு அன்புராஜின் பக்கம் திரும்பினார். "தம்பி, அன்னிக்கி களத்துமேட்டுல பாத்தத இவங்க எல்லாருக்கும் சொல்லுங்க."

வாசலோரம் பலராமன் நிற்பதை அன்புராஜ் பார்த்தான். போலீஸ் தன் பக்கம் என்றுதான் நினைத்திருப்பான். குரலை உயர்த்திச் சொன்னான். தண்ணி டேங்கு, பாலம், நிழற்குடை, நீலக் கூரை, சட்டை.

பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருசப்பன் என்ற பெரியவர் காதருகே கையை வைத்துக்கொண்டு கேட்டார். "இன்னாடா சொன்ன? களத்துமேட்டுல ஏதுடா நிழற்குட? வேப்பமரம் இருந்துது, அதையும் வெட்டிட்டானுங்க."

"இல்ல சித்தப்பா... மழையில..."

"மழையில கூரையோட நிறம் தெரிஞ்சுது, பெஞ்சு தெரிஞ்சுது," என்றார் அன்னாமேரி. "தப்பாப் பாத்துட்டேன்னு சொல்றதுன்னா இல்லாத பெஞ்சு மேல ஒருத்தன் எப்படிக் கால வச்சி நிக்க முடியும்? அந்த நிழற்குட உலகத்துலயே ஒரே ஒரு எடத்துலதான் இருக்குது. சோபனா, காட்டு."

சோபனா போனைத் தூக்கிப் பிடித்தாள். பங்காளிகள் ஒருவர் தோள் மேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுடைய சாலை, அவர்களுடைய கரும்பு, அவர்களுடைய பாலம். ஒருவர், "நம்ம ஊருடா," என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"இது அருள் செஞ்சது. பூட்டி வச்சிருந்தான். நாங்க எறக்கறதுக்கு முன்னாடி மூணு தடவதான் எறக்கியிருக்காங்க. ஒண்ணு அருள், ஒண்ணு கலைவேந்தன். ரோட்டுல இல்லாத நிழற்குடையப் பாத்த ஆளுதான் மூணாவது. இவரு சின்ன வயசுலயே பெங்களூர் போனவரு. அந்தப் பஸ்ஸுல வந்ததே இல்ல. வந்தேன்னு சொல்றதுக்கு வழி தெரியணும். அதுக்கு இந்த மேப்புலயே ஓட்டிப் பழகிக்கினாரு. ஸ்டாப்பிங்லேர்ந்து நாங்க அன்னிக்கி நடந்து வந்த பாத கருங்களி. இவரு கால்ல இருந்தது வெள்ள மணல். அது ஆத்து மணல். பைக்க அக்கரையில போட்டுட்டு ஆத்துல எறங்கி, கரும்புக்குள்ள பூந்து, முடிச்சிட்டு வாய்க்கா வழியா வூட்டுக்கு வந்தாரு."

"எல்லாம் கத," என்றான் அன்புராஜ். "பொய் சாட்சின்னா மறுநாளே அங்க போய் பாத்துட்டு வந்து மாத்திச் சொல்லியிருக்க மாட்டேனா?"

"போயிருப்பீங்க. ஆனா கொள்ளி வச்சீங்களே. அத வேற யாருக்கும் வுட்டுக்குடுக்க உங்களுக்கு மனசு வரல, ஏன்னா நெலம் அதோட வருது. வச்சதும் எல்லைக்குள்ள மாட்டிக்கினீங்க. ஸ்டாப்பிங்கப் போய்ப் பாக்கவும் முடியல, பைக்க எடுக்கவும் முடியல."

பலராமன் முன்னால் வந்தார். "தாழம்புதர்ல கெடச்சுது மேடம். கர்நாடகா நம்பர், இவரு பேரு. டயரச் சுத்திப் புல்லு மொளைக்க ஆரம்பிச்சிடுச்சி." அவர் அன்புராஜிடம் கை நீட்டினார். "போனக் குடுங்க."

அன்புராஜ் கொடுக்கவில்லை. கனகாம்பாளைப் பார்த்தான். "சித்தி, நம்பாத சித்தி. அவன் கேமு எனக்கு எப்படிக் கெடைக்கும்? அவனுக்கும் எனக்கும் பேச்சே இல்லியே."

கனகாம்பாள் அவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியபோது குரலில் அழுகை இல்லை.

"அனுப்பினான்டா. எங்கிட்ட சொன்னான். 'அண்ணனுக்கு நம்ம ஊர அனுப்பி வச்சேம்மா, ஓட்டிப் பாத்தா விக்க மனசு வராது'ன்னான். எனக்கு அது இன்னான்னே அப்பப் புரியல."

அன்புராஜின் கை தானாகத் தளர்ந்தது. பலராமன் போனை எடுத்துக்கொண்டார். அருள் அனுப்பிய செய்தியை அவன் அழித்திருந்தான். விளையாட்டையும் மேப்பையும் அழிக்கவில்லை. ஜீப்பில் ஏற்றியபோது ஒரு பங்காளி அவன் தோளிலிருந்த துண்டை உருவிக் கீழே போட்டார். வேறு யாரும் அவனைத் தொடவில்லை.

ஜீப் போன பிறகு பந்தலில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சமையல்காரர் வாசலில் வந்து நின்று, நாளைக்கு எத்தனை இலை என்று கேட்டுவிட்டுப் பதில் வராமல் திரும்பிப் போனார். இருசப்பன் தொண்டையைக் கனைத்தார். "காரியத்த யாரு செய்யறது கனகு? எம்பையன வேணும்னா..."

கனகாம்பாள் அவர் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. செல்வகுமாரியின் முன்னால் வந்து நின்றாள்.

"உன் தம்பிய எப்ப வுடுவாங்க?"

"திங்கக்கெழம கோர்ட்டுக்குக் கூப்டுக்கினு போவாங்களாம்."

"காரியத்த அவன் செய்வானா?"

செல்வகுமாரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளாக இந்த வாசலிலிருந்து பஸ் ஸ்டாப்பிங் வரை இவளுக்கும் இவள் தம்பிக்கும் விழுந்த சாபங்களைக் கேட்காத காது ஊரில் இல்லை.

"தெரியாது அத்த," என்றாள். "அவன் சாப்பிடறதே இல்ல. யார் முகத்தையும் பாக்கறது இல்ல. வந்தா அவனே சொல்லட்டும். அவனுக்காக நான் வாக்கு குடுக்கமாட்டேன்."

கனகாம்பாள் தலையை ஆட்டினாள். அதைவிட நல்ல பதிலை அவள் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை. பந்தலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காரியம் இல்ல. எல்லாரும் எழுந்து வூட்டுக்குப் போங்க."

"நாள் தள்ளக்கூடாது கனகு, அது முறையில்ல," என்றார் இருசப்பன்.

"கொன்னவன் கையால எம்புள்ளைக்கு நெருப்பு வச்சீங்களே, அது முறையா?"

ஒவ்வொருவராக எழுந்தார்கள். அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். செல்வகுமாரி சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, இரண்டு படி தள்ளி, அவள் முகத்தைப் பார்க்காமல், தானும் உட்கார்ந்தாள்.